ஐம்பத்திநாலு கிலோ

"பாப்பா வெயிட் எவ்வளவு சார்?"

மெக்கானிக் கரீம் பாட்சா சாதாரணமாகத்தான் கேட்டார். ஜகந்நாதனுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. வண்டி நம்பர், லாரி கிளம்பும் நேரம், பார்சலில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று எதைக் கேட்டாலும் சொல்லத் தயாராக, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் மும்பை தாராவியின் தொண்ணூறடி ரோட்டுச் சந்தில், பட்டப்பகலில், ஒரு மூன்றாம் மனிதர் தன் கல்யாணமாகாத பெண்ணின் எடையைக் கேட்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"அது எதுக்கு உங்களுக்கு?"

"ஸ்பிரிங்கு போடணும்லா? ஆள் வெயிட்டுக்குத் தக்கனதான் ஸ்பிரிங்கு. பாப்பாவுக்கு நாலு தடவை போன் அடிச்சேன், எடுக்கல."

"ஆபீஸ் ட்ரெயினிங்ல இருக்கா. பெங்களூர்ல. சாயந்தரம் வரைக்கும் அங்கே எல்லார் போனையும் வாங்கி வச்சுடறாளாம்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

பாப்பா என்று கரீம் பாட்சா சொன்ன வந்தனாவுக்கு இருபத்தேழு வயது. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். லீவு கிடைத்தால் ரேஸ் டிராக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாள். மூன்று வருஷமாக இந்தக் கூத்து. தடுக்கவும் மாட்டேன், வந்து பார்க்கவும் மாட்டேன் என்று ஜகந்நாதன் முதல் நாளே சொல்லிவிட்டார். அவளும் அதற்குமேல் அவரிடம் ரேஸ் பேச்சை எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் போன வாரம் போன் செய்து, "அப்பா, ஒரே ஒரு ஹெல்ப்" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வெளியே ரேஸ். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒரு பெரிய டீமில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்காக வண்டியின் முன் ஃபோர்க்குக்கு ஆர்டர் செய்திருந்த புதுச் சாமான், அவள் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டுங்கா வீட்டிலிருந்து வண்டியையும் பார்சலையும் கரீம் பாட்சாவிடம் சேர்த்து, வேலை முடிந்ததும் வியாழக்கிழமை காலை லாரியில் ஏற்றிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் பெண் தன்னிடம் ஒன்று கேட்டுவிட்டாள் என்ற பூரிப்பில் ஜகந்நாதன் மூன்று நாள் லீவு போட்டுவிட்டார்.

"ஐம்பத்திநாலு" என்றார் இப்போது.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை ஐம்பத்திநாலு, நிறம் மாநிறத்துக்குச் சற்று மேல் என்று வரிசையாக அவருக்கு மனப்பாடம். நாற்பது குடும்பத்துக்காவது சொல்லியிருப்பார்.

கரீம் பாட்சாவின் மகள் சஃப்ரீன், ஷட்டரின் உள்பக்கத்தில் சாக்பீஸால் 54 என்று எழுதினாள். டிப்ளமோ படித்துவிட்டு வாப்பாவோடு வேலை பார்க்கிற பெண். கையுறையைக் கழற்றுவதும் இல்லை, வாயைத் திறப்பதும் இல்லை.

கரீம் பாட்சா அந்த 54ஐக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜகந்நாதனைப் பார்த்தார்.

"சார் எந்த ஆபீஸ்ல இருக்கீய?"

"எடை அளவு ஆபீஸ். கடைத் தராசு, படிக்கல்லு எல்லாம் சரிபார்த்து முத்திரை குத்தறது நாங்கதான்."

"அடடே! எடையாபீசரே சொன்ன பிறகு அப்பீல் ஏது?" என்று சொல்லி, மேஜை டிராயரை இழுத்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்தார்.

அடுத்த மூன்று மணி நேரம் ஜகந்நாதன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிள் என்றால் அதுவரை அவருக்குச் சத்தமும் புகையும்தான். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் குழாய்களுக்கு ஃபோர்க் என்று பெயர் என்பதே போன வாரம் வந்தனா சொல்லித்தான் தெரியும். அந்தக் குழாய்க்குள் ஒரு உலகமே இருந்தது. கரீம் பாட்சா பழைய எண்ணெயை வடித்தார். பழைய குடலை உருவினார். பார்சலைப் பிரித்துப் புதியதை எடுத்தார். பேனா மாதிரி ஒல்லியாக ஒரு தண்டு, அதற்குள் ஒரு ஊசி, ஊசியைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தகடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக.

"சார், பிரேக் புடிச்சா வண்டி முன்னால குனியும்லா? எவ்வளவு குனியணும், எவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கணும், எல்லாத்தையும் இதுதான் முடிவு பண்ணுது. எண்ணெய் இந்த ஓட்டை வழியா போவும், வரும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா!"

"இவ்வளவுதான். ஆனா ஆளுக்குத் தோதில்லாத ஸ்பிரிங்கு போட்டோம்னு வைங்க, பிரேக் அடிச்சதும் முன்பக்கம் மொத்தமா உக்காந்துரும். வளைவுல சக்கரம் வழுக்கும். ஓட்டுத ஆளு ரோட்டுல கெடக்கணும்."

ஜகந்நாதன் தைரியமாகத் தலையாட்டினார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது.

எண்ணெய் ஊற்றியதுதான் பெரிய வேடிக்கை. கரீம் பாட்சா ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டார். ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு சொட்டு உறிஞ்சி எடுத்தார். மறுபடி பார்த்தார். ஒரு சொட்டு விட்டார்.

"ஒரு மில்லிமீட்டர்தானே பாய்?"

"எடையாபீசர் கேக்குத கேள்வியா சார் இது?"

ஜகந்நாதனுக்கு வெட்கமாகவும் போயிற்று, பரமானந்தமாகவும் இருந்தது. ஒரு குன்றிமணி வித்தியாசத்துக்காக எத்தனை கடைக்காரர்களிடம் அவர் முத்திரை மறுத்திருக்கிறார்! ஆபீசில் எல்லாரும் அவரைப் பைத்தியம் என்பார்கள். அவரைப் போல இன்னொரு பைத்தியம் மாட்டுங்காவிலிருந்து ரயில்வே பாலம் தாண்டிப் பத்து நிமிஷ நடையில் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும் தெரியவில்லை.

"முப்பத்திரண்டு வரணும்" என்றார் கரீம் பாட்சா. சஃப்ரீன் 54க்குக் கீழே 32 என்று எழுதினாள். ஆள் ஏறி உட்கார்ந்தால் முன்பக்கம் இறங்க வேண்டிய மில்லிமீட்டர் கணக்காம் அது. அளப்பதற்காக ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டியையும் மாட்டிவைத்தாள்.

கடைசியில் கரீம் பாட்சா ஹேண்டில் பாரைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். முன்பக்கம் குனிந்தது, எழுந்தது, நின்றது. ரெண்டாவது ஆட்டம் கிடையாது.

"ஒரே தடவை" என்றார்.

ஜகந்நாதனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கால் தரையில் பாவவில்லை.

"என்னன்னா, முகமெல்லாம் பல்லா வரேள்?" என்றாள் விசாலாக்ஷி, சாம்பாரைக் கிளறிக்கொண்டே.

"விசாலம், அந்த மனுஷன் மெக்கானிக் இல்லை, மகான்! எண்ணெயைச் சொட்டு எண்ணி விடறார். ஸ்பிரிங்கை ஆள் எடைக்குத் தக்கபடி போடறார். கேட்டார், நானும் டக்குனு அம்பத்திநாலுன்னுட்டேன்."

கரண்டி நின்றது.

"அம்பத்திநாலா? அது பயோடேட்டா வெயிட்டுன்னா!"

"வெயிட்டுல பயோடேட்டா வெயிட்டுன்னு தனியா ஒண்ணு உண்டா?"

"நன்னா இருக்கே! கொஞ்சம் கொறச்சுப் போடுங்கோன்னு நான் சொல்ல, நீங்கதானே டைப் அடிச்சேள்?"

ஜகந்நாதனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சர்க்கரையில் இருபது கிராம் குறைத்த கடைக்காரனை மூன்று தடவை ஆபீசுக்கு அலையவிட்ட அதே கைதான். அதே கை, அன்று சாயங்காலமே ஐந்தையும் நான்கையும் தட்டியது. தட்டித் தட்டி, சொல்லிச் சொல்லி, அவரே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

"சரி, நிஜ வெயிட் என்ன?"

"யாருக்குத் தெரியும்? பொறந்தப்போ ரெண்டே முக்கால்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தனாவைப் போனில் பிடித்துவிட்டார்.

"வந்தனா, இப்போ உன் வெயிட் என்னம்மா?"

"எதுக்கு?"

உண்மையைச் சொன்னால், முதல் தடவையாக நம்பிக் கொடுத்த காரியத்தை அப்பா கெடுத்துவிட்டார் என்றாகும். "சும்மாதான்" என்றார்.

"அப்பா! மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? எந்த ஊர்ப் பையன்?"

"பையனெல்லாம் ஒண்ணும்..."

"ரேஸுக்கு அஞ்சு நாள்தான் இருக்குப்பா! இப்பப் போய்... அம்பத்திநாலுன்னுதானே போட்டு வச்சிருக்கே? அதையே சொல்லித் தொலை!"

போன் கட்.

"என்ன சொன்னா?" என்றாள் விசாலாக்ஷி ஆவலாக.

"அம்பத்திநாலுன்னா."

இரும்பு அலமாரியைக் குடைந்ததில், ரேஸ் லைசென்சுக்காக டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் கிடைத்தது. அதில் அறுபத்திமூன்று. அதுவும் இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

ஜகந்நாதன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது கிலோ! எண்ணெயில் ஒரு மில்லிமீட்டர் பொறுக்காத மனுஷனிடம் ஒன்பது கிலோ பொய். பிரேக் அடித்ததும் முன்பக்கம் மொத்தமாக உட்கார்ந்துவிடும் என்றாரே. வளைவில் சக்கரம் வழுக்கும் என்றாரே.

"கார்த்தால போய் நிஜத்தைச் சொல்லிடுங்கோ" என்றாள் விசாலாக்ஷி.

"எப்படிச் சொல்றது? பெத்த பொண்ணோட எடையைத் தப்பாச் சொன்ன எடையாபீசர்னு சந்தே சிரிக்கும்."

விசாலாக்ஷிக்கும் வேறொரு கவலை முளைத்தது. "ஆமாம், கோயம்புத்தூர்ப் பையனாத்துக்காரா கையில வேற இப்போ அந்தப் பயோடேட்டா இருக்கு. ஒரு வாயிலேர்ந்து இன்னொரு வாய்க்குப் போயிடும். எதை வேணா சொல்லி ஸ்பிரிங்கை மாத்துங்கோ. அந்த அம்பத்திநாலுல மட்டும் கையை வைக்காதேங்கோ!"

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே ஜகந்நாதன் ஷட்டர் வாசலில் நின்றார்.

"பாய், ஒரு சின்ன சேஞ்ச். வண்டியை ஓட்டப்போறது என் பொண்ணு இல்லை."

"பின்ன யாரு?"

அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. ஷட்டரைப் பார்த்தார். ஸ்பானர்களைப் பார்த்தார். அறுபத்திமூன்று கிலோவுக்குக் கிட்டத்தில் அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

"நான்" என்றார்.

சஃப்ரீன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"நீங்களா சார்?"

"ஏன், கூடாதா?"

"கூடாதுன்னு யாரு சொன்னா? வயசு?"

"ஐம்பத்தெட்டு இன்னும் முடியலை."

"வெயிட்டு?"

"அறுபத்திநாலு!" என்றார் ஜகந்நாதன். இரண்டு நாளில் அவர் சொன்ன முதல் உண்மை. சொன்ன வேகத்தில் எதிரே சாயாக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கரீம் பாட்சா கையைத் துடைத்தார். தேவைக்கு மேலாகவே துடைத்தார்.

"சரி, அறுபத்திநாலுக்கு மாத்திருவோம். நீங்க போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க."

ஜகந்நாதன் எதிர்க்கடையில் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் பளபளவென்று வண்டியில் நிற்கிறது. கரீம் பாட்சா கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"அதுக்குள்ளயா? நேத்து மூணு மணி நேரம் ஆச்சே!"

"கை பழகிட்டுல்லா சார்."

ஜகந்நாதன் கைகூப்பாத குறைதான். மூன்று மணி நேர வேலையை ஒரு சாயா நேரத்தில் முடிக்கிற ஆளை அவர் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். கரீம் பாட்சா விடவில்லை.

"எங்க போறீய? ஓட்டுத ஆளு ஏறி உக்காந்தாத்தான அளவு தெரியும்? சூட்டு, ஹெல்மெட்டு, பூட்ஸு எல்லாம் போட்டு உக்காரணும்."

"எல்லாமா?"

"எல்லாம்."

வந்தனாவின் தோல் சூட் மாட்டுங்காவில்தான் இருந்தது. சாயந்தரம் சூட்கேசில் வைத்து எடுத்துவந்தார். கறுப்பும் சிவப்புமாக, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டு. முதுகில் கொட்டை எழுத்தில் வந்தனா என்று பெயர். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் உயரத்தில் அதிக வித்தியாசமில்லை, தோளும் சரியாக இருந்தது. தொந்திதான் சம்மதிக்கவில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய லாரிக்கார அய்யாத்துரை, நேரம் கேட்டுப் போக வந்தவர், நேரே வேலையில் இறங்கினார்.

"மூச்சை இழுங்க சார்... இன்னும்... விட்டுராதீய!"

ஜிப் மேலே ஏறியது. ஜகந்நாதன் விட முடியாத மூச்சோடு ஹெல்மெட்டுக்குள் போனார். சந்தில் பாதி வேலை நின்றுவிட்டது. பட்டறைக்காரர்கள், இட்லி வாங்க வந்தவர்கள், ஸ்கூட்டரில் போனவர்கள் எல்லாரும் நின்றார்கள்.

வண்டியைப் பின்னாலிருந்து சஃப்ரீன் பிடித்துக்கொண்டாள். ஜகந்நாதன் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

முன்பக்கம் இறங்கியது. லிஃப்ட் நம் மாடிக்கு வந்து நிற்கும் கடைசி அரை அங்குலம் மாதிரி, மெத்தென்று இறங்கி நின்றது. அவர் மூச்சு விட்டால் அதற்குத் தெரிந்தது. கையை இந்தப் பக்கம் சாய்த்தால் அதற்குத் தெரிந்தது. ஐம்பத்தேழு வருஷத்தில் அவரை இவ்வளவு சரியாக எடைபோட்ட பொருள் வேறில்லை. இதன் மேலா அவள் உட்காருகிறாள்? இதைவிட்டு எப்படி இறங்கி வருகிறாள்? அவருக்கு நெஞ்சு அடைத்தது. கொஞ்சம் ஜிப்பினாலும்தான்.

கரீம் பாட்சா குனிந்து ஸ்கேலை வைத்தார். "முப்பத்திரண்டு."

சஃப்ரீன் சாக்பீஸோடு ஷட்டர்வரை போனாள். நேற்று எழுதின 32 அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, எதுவும் எழுதாமல் சாக்பீஸை டப்பாவில் போட்டாள். என்ன சிக்கனமான பெண் என்று ஜகந்நாதன் நினைத்துக்கொண்டார்.

"சார், தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றார் அய்யாத்துரை. போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வீடியோ ரயில்வே பாலத்தை அவருக்கு முன்னால் தாண்டிவிட்டது. பில்டிங் வாசலிலேயே கீழ்வீட்டுப் பத்மஜா காத்திருந்தாள்.

"மாமா, ரேஸ் ஓட்டறேளாமே! சொல்லவே இல்லியே! சொசைட்டி செக்ரடரி உங்களுக்குச் சால்வை போடணும்ங்கறார். ஆனா முதுகுல ஏன் வந்தனான்னு போட்டிருக்கு?"

"பொண்ணு மேல பாசம்" என்று மாடிப்படியிலிருந்து விசாலாக்ஷி பதில் சொன்னாள்.

அதற்குள் ஜகந்நாதன் போன் அடித்தது. வந்தனா. சாயந்தரம் போனைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. அவர் படியிலேயே நின்று எடுத்தார்.

"அப்பா. என் சூட்டைப் போட்டுண்டு, என் வண்டி மேல... நீயா அது?"

"அது வந்து, வந்தனா..."

"மூணு வருஷமா ஒரு தடவைகூட நீ கேட்டதில்லை. அதுல உக்காந்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவைகூட."

ஜகந்நாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எப்படி இருந்தது?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது.

இதற்கு மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை. "குனிஞ்சுதும்மா. உக்காந்த உடனே என்னைத் தெரிஞ்சுண்ட மாதிரி குனிஞ்சுது. நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. நீ இதைச் சொல்லவே இல்லியே!"

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை வந்துடுப்பா. பாஸ் வாங்கி வைக்கறேன்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொன்ன பொய்க்குத் திட்டு விழுந்திருந்தால்கூடத் தேவலை. இப்போது தன் கண்ணாலேயே போய்ப் பார்க்க வேண்டும், அந்த வளைவை.

வியாழக்கிழமை லாரியில் ஏற்றும்முன் சூட், ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் போட்டுப் பார்த்தார், பழக்க தோஷம். பத்து கிலோ. சனிக்கிழமை முழுக்க ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஸ்பிரிங் அறுபத்திநாலுக்கு. சர்டிபிகேட் அறுபத்திமூன்று. ஆனால் அது இரண்டு வருஷத்துக்கு முந்தையது. இப்போது எழுபதாக இருந்தால்? ஐம்பத்தெட்டாக இருந்தால்? ஜன்னலோரத்தில் ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை டிராக்கில் கரீம் பாட்சாவும் சஃப்ரீனும் அவருக்கு முன்பே இருந்தார்கள். கடைசி நேரத்தில் திருகு திருப்ப வேண்டியிருந்தால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்தார்களாம். ஓட்டப்போவது ஜகந்நாதன் இல்லையா என்று கரீம் பாட்சா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்காததற்காகவே ஜகந்நாதனுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ரேஸுக்கு முன்னால் ஓட்டுகிறவர்களை முழு உடுப்போடு எடை போட்டார்கள். அந்த ரேஸில் ஆளும் வண்டியும் சேர்ந்து இன்ன எடைக்குக் குறையக் கூடாது என்று விதியாம். ஜகந்நாதன் கூட்டத்தை முண்டிக்கொண்டு முன்னால் போய், முதலில் தராசின் முத்திரையைப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு வந்தனா ஏறி நின்றாள்.

எழுபத்திநாலு.

உடுப்புக்குப் பத்து போனால் அறுபத்திநாலு! ஜகந்நாதன் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். பெண்ணின் எடையைப் படித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட அப்பா மாட்டுங்காவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

கொடி விழுந்தது. எட்டுச் சுற்று. வந்தனா ஐந்தாவதாகப் போனாள்.

நேர் ரோடு முடிகிற இடத்தில் ஒரு கூர்மையான வலது வளைவு. ஜகந்நாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றார். அந்த வேகத்தை அவர் நினைத்தே பார்த்ததில்லை. மேலே விழப்போகிற மாதிரி வந்தார்கள், வந்த வேகத்தில் பிரேக் பிடித்தார்கள். வண்டிகளின் முன்பக்கம் குபீரென்று இறங்கி, துள்ளி, மறுபடி இறங்கியது. அத்தனை பேரும் பிரேக் பிடித்து முடித்த பிறகு, அவர் பெண் பிடித்தாள்.

முன்பக்கம் குனிந்தது. ஒரே தடவை. குனிந்தபடியே நின்று, அவளை அப்படியே ஏந்திக்கொண்டு வளைவுக்குள் இறங்கியது. அவள் முழங்கால் தரையை உரசியது. ஒரு வண்டி பின்னால் போய்விட்டது.

"என் பொண்ணு!" என்று கத்தினார் ஜகந்நாதன். "அது என் பொண்ணு சார்!" பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மூன்று வருஷமாக இதையா பார்க்காமல் இருந்தோம், இவ்வளவு பெரிய விஷயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நாற்பது குடும்பத்துக்கு வேறு எதையெல்லாமோ எழுதி அனுப்பினோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கண்ணீரும் வந்தது.

கரீம் பாட்சா முன்னால் யார் பின்னால் யார் என்று பார்க்கவே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவள் முன்சக்கரத்தை மட்டும் பார்த்தார். "ஒரே தடவை" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

கடைசிச் சுற்றில், அதே வளைவில், இன்னொருவரையும் தாண்டினாள். மூன்றாவது.

மேடையில் வந்தனா கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள். கரீம் பாட்சா போட்டோ எடுக்க ஓடினார். ஜகந்நாதன் போகவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியின் பக்கத்திலேயே நின்றார். சஃப்ரீன் தரையில் உட்கார்ந்து ஃபோர்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கரீம் பாட்சாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் சொல்லாமலும் ஊர் திரும்ப முடியாது.

"சஃப்ரீன், உங்க வாப்பாகிட்ட நான் ரெண்டு பொய் சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ரேஸ் ஓட்டப்போறேன்னது ஒரு பொய். மொத நாள் அம்பத்திநாலுன்னு சொன்னேனே, அது அதைவிடப் பெரிய பொய். கல்யாணப் பயோடேட்டாவுக்காக நான் கொறச்சுப் போட்ட வெயிட். மில்லிமீட்டர் பார்க்கிற மனுஷன்கிட்டப் போய் நான்... அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டார். ஏதோ பகவான் புண்ணியம், மறுநாள் ஸ்பிரிங்கை மாத்திக் கொடுத்தார். இல்லேன்னா இன்னிக்கு அந்த வளைவுல என் பொண்ணு..."

வண்டியின் சீட்டைத் தடவினார்.

சஃப்ரீன் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மறுநாள் வாப்பா எதையும் மாத்தவே இல்ல அங்கிள், நீங்க அம்பத்திநாலுன்னு சொன்ன அன்னைக்கே பத்து கிலோ கூட்டித்தான் ஸ்பிரிங் போட்டாரு, ஏன்னா என் பயோடேட்டாவுல அவரு கொறச்சதும் அதே பத்துதான்."